விடைக்குறிப்பில் இல்லாத முடிவு

ஜனவரி 9, வியாழன்

மூன்றாம் ஆண்டுக்கு இன்று 'ஏறும் வாசல்' ஆரம்பித்தேன். பி.ஏ. தமிழுக்கு உலக இலக்கியம் என்று ஒரு தாள் வைத்திருக்கிறார்கள். அதில் கடைசி அலகு இந்தக் குறுநாவல். குளிர் தேசத்தில் எவரோ நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. வரி ஆபீஸ் குமாஸ்தா ஒருவன் காலையில் எழுந்து பார்க்கிறான், வீட்டு வாசற்கதவு தரையை விட்டு ஒரு சாண் மேலே ஏறியிருக்கிறது. மறுநாள் இன்னொரு சாண். ஏன் ஏறுகிறது என்று வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை. பெண்டாட்டி முக்காலி வாங்குகிறாள், அப்புறம் ஏணி வாங்குகிறாள். விருந்தாளிகள் ஏணி வழியாக இறங்கி வந்து காப்பி குடித்துவிட்டு, நல்ல ஏணி என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இதை எம்.ஏ. படிக்கும்போது மதுரையில் பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். பஸ்ஸிலேயே படித்து, இறங்க வேண்டிய ஊரைத் தவறவிட்டேன். அந்த மயக்கம் இன்னும் போகவில்லை. உயிரைக் கொடுத்து நடத்தினேன். முடித்ததும் செந்தட்டி கையைத் தூக்கினான்.

"மிஸ், கொத்தனாரைக் கூப்பிட்டு நாலு படி கட்டிருந்தா சோலி முடிஞ்சிருக்குமே."

அவன் அப்பா கொத்தனார். வகுப்பே சிரித்தது. ஒருத்தி வாஸ்து சரியில்லை என்றாள். இன்னொருத்தி, "பேய் எப்ப மிஸ் வரும்?" என்றாள். பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், "இது எத்தன மார்க் மிஸ்?"

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. வீட்டுக்கு வந்து தலைவலி மாத்திரை போட்டேன். தோசை மாவு புளித்துப் பொங்கி மேடை முழுக்க வழிந்து கிடந்தது. துடைத்தேன்.

ஜனவரி 21

துறைத்தலைவர் ஞானதிரவியம் சார் இன்று என்னைக் கூப்பிட்டு, அவருடைய முதலாமாண்டு வகுப்பையும் இந்த மாதம் நானே பார்த்துக்கொள்ளச் சொன்னார். சரி சார் என்றேன். வேறு என்ன சொல்வது. நான் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் அந்தப் பெயரோடு சரி. ஒவ்வொரு ஜூனிலும் அவர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு அடுத்த வருஷம். ஒன்பது வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். இவர் கேட்டுவிட்டு, "பெரியவங்க சொன்னா செஞ்சுட்டுப் போயேன்" என்றார். இவருக்குத் தீப்பெட்டிக் கம்பெனி ஆபீஸில் நிரந்தர நாற்காலி. பேசத்தான் செய்வார்.

வகுப்பில் செந்தட்டி மறுபடியும் ஒரு முத்து உதிர்த்தான். "எங்க தெருவுல கரண்டு போனாலும் இப்படித்தான் மிஸ். ஏன் போச்சுன்னு யாரும் கேக்க மாட்டாக. மெழுகுவத்தி வாங்க ஓடுவாக." எல்லாவற்றையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே என்று உட்காரச் சொன்னேன்.

ஜனவரி 29

சந்தனமாரி என்று ஒரு பெண் மூன்றாவது வரிசையில் உட்காருவாள். நடுத்தரமாகப் படிப்பவள், இலக்கணம் என்றால் தடுமாறுவாள். இந்த மூன்று வருஷத்தில் அவள் குரலை நான் கேட்டதே இல்லை. இன்று வகுப்பு முடிந்து நடையில் என்னோடு வந்தாள்.

"மிஸ், அந்த வீட்டம்மா ஏணிய வாங்கிட்டு வந்து, பெயிண்ட் அடிப்பாகள்ல. அது எனக்கு ஒரு மாதிரி இருக்கு மிஸ்."

"ஏன்?"

"எங்கக்காவ நூல் மில்லுக்கு அனுப்பும்போது எங்கம்மா அவளுக்குப் புதுப் பை வாங்கி, பேரு எல்லாம் தச்சுக் குடுத்தாக. ஏன் போறான்னு யாரும் பேசல. பை நல்லாருக்குன்னுதான் எல்லாரும் பேசினாக."

அவளே தொடர்ந்தாள். சென்னையில் எம்.ஏ. சேர வேண்டும், ஹாஸ்டலும் தருகிறார்களாம். ஒரு தாளில்கூட அரியர் இருக்கக் கூடாது. விழுந்தால் ஜூலை ஒன்றாம் தேதி அக்கா போன அதே மில் வேன் அவளுக்கும் வரும். வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். "எனக்கும் பை வாங்கியாச்சு மிஸ்" என்று சிரித்தாள்.

பிப்ரவரி 3, திங்கள்

சந்தனமாரி மஞ்சள் நோட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மஞ்சள் நோட்ஸ் என்பது ஞானதிரவியம் சார் எழுதி விற்கும் கைடு. மஞ்சள் அட்டை. பாடப்புத்தகம் வாங்காத பிள்ளை உண்டு, இதை வாங்காத பிள்ளை இந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தக் கல்லூரியிலும் இல்லை.

"இதுல கடைசில எல்லாரும் கைகோத்து சாமி கும்பிடுறாக, கதவு கீழ எறங்கிருது மிஸ். ஒற்றுமையே உயர்வு தரும்னு நீதி போட்டிருக்கு. புத்தகத்துலயும் இப்படித்தானா?"

சிரிப்பை அடக்க முடியவில்லை. மதியமே நூலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். நூலகப் பிரதியில் கடைசிப் பதினாறு பக்கம் கிடையாது. பைண்டிங் விட்டு என்றைக்கோ உதிர்ந்திருக்கிறது. நோட்ஸ் எழுத எடுத்துப் போனவர் பெயர் உள்ளட்டையில் இருக்கிறது. வேறு யார். முடிவு இல்லாத புத்தகத்தைப் படித்துவிட்டு, முடிவைத் தானே போட்டு, நீதியும் எழுதி, முனைவர் பட்டத்தோடு அச்சடித்துவிட்டார்.

இந்த ஒன்பது வருஷத்தில் இவ்வளவு ருசியாக நான் காப்பி குடித்ததில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

என் பிரதியிலிருந்து கடைசிப் பதினாறு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வகுப்பு முழுக்கக் கொடுத்தேன். சத்தமாக வாசித்தேன். பக்கத்து வகுப்புக்குக் கேட்டால் கேட்கட்டும், ஸ்டாஃப் ரூமுக்குக் கேட்டாலும் கேட்கட்டும்.

உண்மையான முடிவு இது. கதவு கூரையைத் தொடுகிறது. குமாஸ்தா வழக்கம்போல் வேலைக்குப் போகிறான். அன்று வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று உள்பக்கத்து ஏணியை எடுத்துப் பின்கட்டில் போட்டுவிடுகிறார்கள். இருட்டியதும் மேலே கதவு தட்டப்படுகிறது. கீழே எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்டாட்டி நிமிர்ந்து பார்த்து, "காற்று" என்கிறாள். கடைசி மகள் அப்பாவுக்கு வைத்த தட்டை ஓசைப்படாமல் எடுத்து மற்றத் தட்டுகளோடு அடுக்கிவிடுகிறாள். அவ்வளவுதான் கதை.

வகுப்பில் சிரிப்பு இல்லை. செந்தட்டி தலையைக் குனிந்து பெஞ்சைச் சுரண்டிக்கொண்டிருந்தான். சந்தனமாரி எழுந்தாள். "அவரு வெளிய போனது கதவு ஏறுனதால இல்ல மிஸ். தட்டை எடுத்து வச்சாகள்ல, அப்பத்தான் போனாரு."

இத்தனை வருஷம் வைத்திருக்கும் புத்தகம். எனக்கு அது தோன்றியதே இல்லை.

"பரிச்சைல எத எழுத மிஸ்? நோட்ஸையா, இதையா?" என்று கேட்டாள்.

"புத்தகத்துல இருக்கறத எழுதுங்க. கண்டவன் எழுதின நோட்ஸை எழுதாதீங்க. யார் கேட்டாலும் நான் பதில் சொல்றேன்."

'கண்டவன்' என்று சொல்லியிருக்க வேண்டாம். ஆனாலும் மனசு குளிர்ந்தது.

பிப்ரவரி 7

ஞானதிரவியம் சார் எதிரில் வந்தார். "ரொம்ப நல்லா நடத்துறீங்களாமே புஷ்பம்" என்றார். சிரித்தார்.

மார்ச் 18

கேஸ் சிலிண்டர் வரவில்லை. மின்சார அடுப்பில் சாம்பார் கொதிப்பதற்குள் ஆயுசு பாதி போகிறது. முதலாமாண்டு வகுப்பும் என் தலையில்தான், ஜனவரியோடு முடியும் என்று சொன்னது இன்னும் முடியவில்லை. நாளை மாதிரித் தேர்வுத்தாள் திருத்த வேண்டும்.

ஏப்ரல் 21, திங்கள்

உலக இலக்கியத் தேர்வு முடிந்தது. வாசலில் பிள்ளைகளைப் பிடித்துக் கேட்டேன். இரண்டு பெரிய கட்டுரை வினாவும் 'ஏறும் வாசல்' கதையிலிருந்தே வந்திருக்கிறது. கேள்வித்தாளை வாங்கி முதல் வினாவைப் படித்தேன். "கதவு மீண்டும் இறங்கியதன்வழி ஆசிரியர் உணர்த்தும் நீதியை விளக்குக." கேள்வியே மஞ்சள் நோட்ஸிலிருந்து எடுத்தது.

சந்தனமாரி சந்தோஷமாக இருந்தாள். "கேள்வியே தப்பு மிஸ். கதவு எறங்கவே இல்லன்னு எழுதி, ஏன்னும் எழுதிட்டேன். மத்த யூனிட் சுமார்தான். ஆனா இந்த ரெண்டும் அருமையா எழுதியிருக்கேன், இதுவே கரையேத்திரும்."

நல்லது என்றேன். என்ன நல்லதோ.

மே 15, வியாழன்

விடைத்தாள் திருத்தும் முகாம். மின்விசிறி சத்தம் போடுகிறதே தவிரக் காற்று இல்லை. ஞானதிரவியம் சார்தான் இந்தத் தாளுக்குத் தலைமைத் தேர்வாளர். எங்களுக்குக் கொடுத்த கீ, அதாவது விடைக்குறிப்பும் மஞ்சள் நோட்ஸ்தான், அட்டை மட்டும் இல்லை. கட்டுரைக்குப் பதினைந்து மதிப்பெண். கதவு இறங்கியது, ஆறு. கைகோத்து வணங்கியது, ஆறு. ஒற்றுமை என்ற சொல் வந்திருந்தால் மூன்று.

தாளில் பெயர் கிடையாது, பதிவெண்ணும் கிடையாது, மாற்று எண்தான். யார் எழுதியது என்று தெரிய வழியே இல்லை. இதைத் தெளிவாக இங்கே எழுதி வைக்கிறேன். காலையிலிருந்து எல்லாத் தாளிலும் கதவு இறங்கிக்கொண்டே இருந்தது. மதியத்துக்கு மேல் ஒரு தாளில் இறங்கவில்லை. "அவர் வெளியே போனது கதவு ஏறியதால் அல்ல. தட்டை எடுத்து வைத்தார்களே, அப்போதுதான்" என்று எழுதியிருந்தது. இரண்டு கட்டுரைக்கும் பதின்மூன்று பதின்மூன்று போட்டேன். யாராக இருந்தாலும் போட்டிருப்பேன்.

சார் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கும் ஒரு டம்ளர். கட்டைப் புரட்டினார்.

"இது என்னம்மா, பதிமூணு? கீயப் பாக்கலையா?"

"புத்தகத்துல இப்படித்தான் சார் இருக்கு."

"இருக்கட்டுமே. இந்த ஹால்ல இருக்கிற அத்தனை பேப்பர்லயும் கீ மாதிரிதான் எழுதியிருக்கு. இந்த ஒண்ணு சரின்னா அவ்வளவும் தப்பு. எத மாத்துவோம்? நீங்களே சொல்லுங்க."

அவர் கோபமே படவில்லை, அதுதான். டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "ஆறிடப் போவுது, குடிங்க. ஆமா, நம்ம காலேஜுக்கு வந்து இது உங்களுக்கு எத்தனாவது வருஷம்?"

பதின்மூன்றை அடித்து ஒன்று போட்டேன். இரண்டாவதிலும் ஒன்று. சும்மா இல்லை, கேள்வி எண்ணைச் சரியாகப் போட்டிருந்தது. பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். கூட்டிப் பார்த்தால் தேறுவதற்கு இரண்டு குறைந்தது. கூட்டல் சரிதானா என்று திரும்பப் பார்த்தேன். சரிதான்.

டீயில் சர்க்கரை கூடுதல்.

மே 16

முகாமில் மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. அப்பளம் இரண்டு வைத்தார்கள்.

ஜூன் 12, வியாழன்

ரிசல்ட் வந்துவிட்டது. என் வகுப்பில் உலக இலக்கியத்தில் ஒரே ஒரு தோல்வி.

செந்தட்டி பூந்தி வாங்கிக்கொண்டு வந்தான். அறுபத்தொன்று எடுத்திருக்கிறான். "நோட்ஸைத்தானே எழுதினே?" என்று கேட்டேன். நெளிந்தான். "நீங்க சொன்ன கதைதான் மிஸ் நல்லாருந்துச்சு. ராத்திரி நினைச்சா இன்னமும் ஒரு மாதிரி இருக்கும். ஆனா பாஸாகணும்ல. எல்லாரும் நோட்ஸ்தான் எழுதினோம். மாரிகிட்டயும் சொன்னோம். மிஸ் பாத்துக்கிருவாகன்னு சொல்லிட்டா."

பூந்தியைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தேன். கோபம் கோபமாக வந்தது. அவள் கூட நாலு பேர் சொன்னபோது கேட்டிருக்க வேண்டாமா? ஊரோடு ஒத்து வாழ் என்று மூன்று வருஷம் தமிழ் படித்த பிள்ளைக்குத் தெரியாதா?

ஜூன் 14, சனி

சந்தனமாரி வீட்டுக்கு வந்தாள். அழுவாள் என்று நினைத்துப் பேச்சுத் தயார் செய்து வைத்திருந்தேன். அழவில்லை.

"எம்பேப்பர திருத்துனவுக அந்தப் புத்தகத்தைப் பாத்திருக்க மாட்டாக மிஸ். அவுக மேல தப்பு சொல்ல முடியாது. மறுமதிப்பீடுக்குப் போடப் போறேன். நீங்க ஒரு லெட்டர் தந்தா போதும். கதை இப்படித்தான் முடியுது, வகுப்புல நானே நடத்துனேன்னு ரெண்டு வரி. கூட அந்த ஜெராக்ஸை வச்சு அனுப்பிருவேன். பாத்தா புரிஞ்சுக்கிருவாக."

"பாக்கலாம்மா."

"முப்பதாந்தேதி கடைசி மிஸ். மறுநா வேன் வந்துரும். அப்ளிகேஷன் போட்டாச்சுன்னு காட்டினா ரிசல்ட் வர வரைக்கும் விட்டு வைப்பாக."

டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். வேண்டாம் என்று சொன்னாலும் கேட்கவில்லை.

இவரிடம் சொன்னேன். "லெட்டர் எழுதினா அது யாருக்கு எதிரா போகும்னு தெரியும்ல?" என்றார். எனக்குத் தெரியாததையா இவர் சொல்லிவிட்டார்.

ஜூன் 20

எழுத உட்கார்ந்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா' வரை வந்தது. பேனா சரியில்லை.

ஜூன் 25, புதன்

ரினிவல் ஆர்டர் வந்துவிட்டது. ஞானதிரவியம் சார் கையாலேயே கொடுத்தார். பத்தாவது வருஷம். மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைக்கு யார் பேரில் என்று ஐயர் கேட்டபோது சாமி பேருக்கே பண்ணச் சொன்னேன்.

ஜூன் 29, ஞாயிறு

சுண்டைக்காய் வற்றல் குழம்பும் அப்பளமும் செய்திருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட் கொண்டி தட்டும் சத்தம் கேட்டது. இவர் தலையைத் தூக்கி, "யாரு அது இந்நேரத்துல?" என்று எழுந்தார்.

"உக்காருங்க. காத்து."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. வேப்பமரத்தில் ஒரு இலை அசையவில்லை. இவர் அந்தப் புத்தகம் படித்ததில்லை, அதனால் உட்கார்ந்துவிட்டார். இன்னும் இரண்டு தடவை தட்டினாள். அப்புறம் தட்டவில்லை. இவருக்கு மறுசோறு வைத்தேன். எனக்கு வைத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 30, திங்கள்

காலையில் பால் எடுக்கப் போனபோது கேட்டில் ஒரு பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது. உள்ளே அந்தப் பதினாறு பக்கம், ஓரம் மடங்காமல். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமும் பார்த்தேன். ஒன்றும் எழுதவில்லை. நாலு வார்த்தை திட்டியாவது எழுதியிருக்கலாம், பாவி.

மறுமதிப்பீட்டுக்குச் சாயங்காலம் ஐந்து மணி வரை நேரம் இருந்தது. மிளகாய் காயப் போட்டேன். படுக்கை விரிப்பெல்லாம் துவைத்தேன்.

ஜூலை 1

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது மில் வேன் போயிற்று. நான் நிமிரவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஞானதிரவியம் சார் மஞ்சள் நோட்ஸுக்குப் புதுப் பதிப்பு போடுகிறாராம். நான் கூட இருந்து சரிபார்த்துக் கொடுத்தால் அட்டையில் என் பெயரையும் போடுவதாகச் சொன்னார். "நல்லா நடத்துறவங்க பேரு இருந்தா நல்லதுதானேம்மா."

எங்கிருந்தோ தைரியம் வந்து கேட்டேன். "அந்த முடிவை மட்டும் மாத்திரலாமா சார்?"

"எதுக்கு? போன வருஷம் பாஸ் பண்ணினவங்களுக்கெல்லாம் என்ன பதில் சொல்றது?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ஒரிஜினலை நானும் படிச்சேன். அந்தப் பொண்ணு எழுதினதும் ஞாபகம் இருக்கு. நல்லா எழுதியிருந்தது" என்றார்.

எந்தப் பொண்ணு சார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

நோட்ஸ் வந்துவிட்டது. அட்டையில் என் பெயர், எழுத்துப் பிழையில்லாமல். அச்சில் என் பெயர் வருவது இதுதான் முதல் தடவை. இவர் பக்கத்து வீட்டிலெல்லாம் கொண்டுபோய்க் காட்டினார்.

புது மூன்றாம் ஆண்டுக்கு இந்தத் தடவை கடைசி அலகையே முதலில் எடுத்து, இன்று 'ஏறும் வாசல்'. நோட்ஸைப் பார்த்தே சொல்லிக்கொண்டு வந்தேன், எல்லோரும் எழுதினார்கள். ஜன்னல் பக்கம் ஒரு பெண் மட்டும் பேனாவை மூடிவிட்டு எழுந்தாள்.

"மிஸ், கதவு ஏன் ஏறுதுன்னு அந்த வீட்ல ஒருத்தர்கூடவா கேக்க மாட்டாக?"

"அது பரிச்சைக்கு வராது. உக்காரு" என்றேன்.

உட்கார்ந்துவிட்டாள்.